லைனில் யார் என்ன சொன்னார்கள்

என் அக்கா ஜெபசீலி ஓசூரில் ஒரு பேக்கரியின் மாடி அறையில், தொழிற்சாலைப் பெண்களுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தாள். போன மாதம் கெலமங்கலத்தில் அவளை அடக்கம் செய்தோம்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி கோட்டோடு வந்து உட்காரும் பெண்கள் அவர்கள். உற்பத்தி வரிசை ஒன்றுக்குப் பொறுப்பான லைன் லீடராக வேண்டுமானால் இன்டர்வியூ ஆங்கிலத்தில். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் எடுத்துச் சொல்ல 'சொன்னார்' என்னும் 'செட்' (said) மட்டும் போதாது என்பது அக்காவின் கட்சி. மறுத்தார், ஒப்புக்கொண்டார், குறைசொன்னார் என்று ஒவ்வொன்றுக்கும் தனி வினை உண்டு. வாக்குக் கொடுத்தார் என்னும் 'பிராமிஸ்' வந்தால் பின்னால் 'டு' (to), மறுத்தார் என்னும் 'டினை' (deny) வந்தால் அடுத்த வினையோடு 'இங்' (-ing). புத்தகத்து ஜானும் மேரியும் பேசினால் வகுப்பு தூங்கிவிடும். அதனால் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்:

"இன்னைக்கு லைன்ல யாரு என்ன சொன்னாங்க?"

"சூப்பர்வைசர் லீவு தரேன்னாரு, தரல மிஸ்" என்பாள் பூங்கொடி.

"அப்ப பிராமிஸ் போடு."

"அந்தாளுக்குப் போயி பிராமிஸா? புளுகுனாருன்னு ஒரு வெர்ப் இருந்தா குடுங்க மிஸ்!"

கீழே பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்க்கும் அளவுக்குச் சிரிப்பார்கள்.

வாயே திறக்காத ஒரு பெண்ணும் அங்கே இருந்தாள். மோகனப்ரியா என்று வைத்துக்கொள்வோம். அது அவள் பெயர் இல்லை. தேனிப் பக்கம். அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பித்தால்தான் வேலை. ஒருநாள் அவளாகவே எழுந்தாள்.

"அம்மாவுக்கு முடியலன்னு லீவு போட்டுட்டு வேற கம்பெனி இன்டர்வியூக்குப் போனேன் மிஸ். போனியான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. போகலன்னுட்டேன்."

அக்காவுக்குப் பூரிப்பு. "டினை போடு! இங் சேரு!" என்று, இன்டர்வியூவுக்குப் போனதை மோகனப்ரியா மறுத்தாள் என்ற வாக்கியத்தைப் பலகையில் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதினாள். எல்லாரும் உரக்கச் சொன்னார்கள். கை தட்டினார்கள். வழக்கம்போல, நோட்டில் எழுதாமல் பலகையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

யாரோ ஒருத்தி அந்தப் படத்தைத் மோகனப்ரியாவின் சூப்பர்வைசரும் இருந்த தன் லைன் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்ததாக அக்கா கடைசிவரை நினைக்கவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்தில் சூப்பர்வைசர் ஜெகதீஷ் அந்த வாக்கியத்தை எல்லார் முன்னாலும் ராகம் போட்டுப் படித்தான்.

விஷயம் தெரிந்ததும் அக்கா கம்பெனி கேட்டுக்குப் போனாள். செக்யூரிட்டி வெயிலில் நிற்கவைத்தார். உணவு இடைவேளையில் ஜெகதீஷ் பல் குத்திக்கொண்டே வந்தான்.

"அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்யும் சார். என் கிளாஸ்ல சும்மா ஒரு உதாரணத்துக்காகச் சொன்னது..."

"உதாரணமா? பேரு போட்டு எழுதினது நீங்கதானே மேடம்? நான் படிச்சது மட்டும்தான். உச்சரிப்பு சரியா இருந்துச்சான்னு வேணா கேட்டுப் பாருங்க."

அக்கா திரும்பி நடந்தாள். அவன் சொன்னது உண்மையாக இருந்ததுதான் அவளைக் கூசவைத்தது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அக்கா அந்தப் பெண்ணின் அறைக்குப் போனாள். நானும் துணைக்குப் போயிருந்தேன். மோகனப்ரியா பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரும்மா. அவர்கிட்ட போய்க் கேட்டேன்..."

"எதுக்கு மிஸ் போனீங்க? நீங்க வந்து கெஞ்சுனதையும் சேத்துச் சொல்லிச் சிரிக்கிறாங்க." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "நான் உங்ககிட்டதான் சொன்னேன் மிஸ். போர்டுகிட்ட இல்ல."

பேருந்து நிலையம்வரை பையைத் தூக்கிவருகிறேன் என்றாள் அக்கா. வேண்டாம் என்றுவிட்டாள் அந்தப் பெண்.

அதற்குப் பிறகு அக்காவின் வகுப்பில் ஜானும் மேரியும் மட்டுமே பேசினார்கள். யாராவது லைன் கதையை ஆரம்பித்தால், "அது உன் விஷயம்மா, புத்தகத்தைப் பாரு" என்பாள். கூட்டம் குறைந்தது. வாடகைக்கே இழுபறி. பழையபடியே நடத்தக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடக்கத்துக்குச் சில மாணவிகள் வந்திருந்தார்கள். பின்னாளில் சேர்ந்தவர்கள், அதே கம்பெனிகளில் வேலை செய்பவர்கள். பிரவீனா என்ற பெண் என் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "நல்லா சொல்லிக்குடுப்பாங்கண்ணா. ஆனா எங்களப் பத்தி ஒண்ணுமே கேக்க மாட்டாங்க. எங்கள அவ்வளவா புடிக்காதோன்னு நெனப்போம்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் இன்னொருத்தியின் கதையைச் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, "அவங்க சுபாவம் அப்படிம்மா" என்றேன்.