வேலி பார்க்க வந்தவர்

எங்கள் அத்தாவுக்கு வேலி என்றால் முள்கம்பிதான். கொழிஞ்சாம்பாறையில் அவர் வைத்திருந்த இரும்புக் கடையில் அது சுருள் சுருளாக அடுக்கியிருக்கும். சுற்றுவட்டாரத்தில் பாதித் தோட்டங்களுக்குக் கம்பி கொடுத்த மனிதரின் வீட்டுக்கு மட்டும் ஆளுயரச் சப்பாத்திக்கள்ளிதான் வேலி. அம்மா அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் குத்துவாள்.

எனக்கோ அந்தக் கள்ளிதான் உயிர். கோடையில் பழம் சிவந்துவிட்டால் என்னை வீட்டுக்குள் பிடித்து வைக்க முடியாது. பழத்தை மண்ணில் புரட்டித் தேய்த்துச் சுணையைப் போக்க வேண்டும். பிட்டு, நடுவில் இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்த பிறகுதான் வாயில் போட வேண்டும். எடுக்காமல் முழுங்கினால் முள் தொண்டையில் மாட்டிக்கொள்ளும், அப்புறம் ஆள் அவ்வளவுதான். இது மூன்றாம் வகுப்பில் எங்களுக்குள் நடமாடிய வைத்திய அறிவு.

மாமு, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது ஷார்ஜாவில் ஒரு வண்டிப் பட்டறையில் வேலை பார்த்தார். அவருடைய ஃபோர்மேன் ஒரு பாலஸ்தீனக்காரர். மாமு ஒருநாள் என் போட்டோவைப் பெருமையாக அவரிடம் நீட்டியிருக்கிறார். பட்டுப் பாவாடையில் நான் அவ்வளவு அழகாக நிற்க, அந்த மனிதர் என்னை விட்டுவிட்டு எனக்குப் பின்னால் நின்ற கள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். மாமு போனில் இதை என்னிடம் மட்டும் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஃபோர்மேனுக்கு முட்டிவலி. ஒற்றப்பாலம் பக்கம் எண்ணெய் வைத்தியத்துக்கு வருவதாக ஏற்பாடாயிற்று. மாமு போனில் அத்தாவிடம் சொன்னார்: "அதுக்கு முன்னால நம்மூட்டுக்கு வர்றாருங்க மச்சான். நம்ம வேலியப் பாக்கோணுமாம். கட்டாயம் காட்டறேன்னு வாக்குக் குடுத்துட்டேனுங்க."

வேலியை, அதுவும் கடல் தாண்டி வந்து ஒருவர் பார்க்கப்போகிறார்! அத்தாவுக்கு அன்றிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. நடுவாசலில் நிற்பார், கள்ளியைப் பார்ப்பார், தலையில் அடித்துக்கொள்வார். "இரும்புக் கடைக்காரன் ஊட்டுல கள்ளியா வேலின்னு காறித் துப்பமாட்டாரா?" லீவில் முன்னதாகவே ஊருக்கு வந்துவிட்ட மாமு, அவரை அழைத்துவர நெடும்பாச்சேரி விமான நிலையத்துக்குப் போயிருந்த நாளில் ஆட்கள் வந்தார்கள். நான் கத்திய கத்தலை யாரும் சட்டை செய்யவில்லை. சாயங்காலத்துக்குள் கள்ளி முழுவதும் எதிரே இருந்த பள்ளத்துக்குப் போய்விட்டது. வீட்டைச் சுற்றிப் புதுக் கல்தூண்கள், நாலு வரிசை முள்கம்பி.

மறுநாள் மதியம் கார் வந்தது. முதலில் இறங்கிய மாமு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பின்னால் கைத்தடியோடு அந்தப் பெரியவர் இறங்கினார். அத்தா வெள்ளை வேட்டி சரசரக்க ஓடிப்போய்க் கம்பியை இழுத்து டிங்கென்று விட்டுக் காட்டினார்.

"அசல் சரக்கு. இருவது வருசம் தாங்கும்னு சொல்லு மாப்ளே."

பெரியவர் கம்பியில் ஒரு முள்ளைத் தொட்டுப் பார்த்தார். என்னவோ சொன்னார்.

"என்னங்கறாரு?"

"நல்லாருக்குதுங்கறாருங்க," என்றார் மாமு. அவர் குரலைக் கேட்டபோது அது பொய் என்று எனக்கே தெரிந்தது.

நெய்ச்சோறு யாருக்கும் இறங்கவில்லை. மாமு எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அத்தா விசிறியை மூன்றில் வைத்தார், நாலில் வைத்தார். பெரியவர் ஜன்னலுக்கு வெளியே யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவியதும் பைக்குள்ளிருந்து, மாமுவிடம் வாங்கி வைத்திருந்த என் போட்டோவை எடுத்து, எனக்குப் பின்னால் இருந்த கள்ளியைத் தொட்டு, எங்கே என்று கையால் கேட்டார். நம்மிடம் ஒருவர் நியாயமான கேள்வி கேட்டுவிட்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். கையைப் பிடித்துப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அத்தாவும் மாமுவும் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

வெட்டிக் குவித்த கள்ளியைப் பார்த்ததும் அவர் முட்டிவலியையும் மறந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பழத்தைப் பறித்து, நான் செய்வது போலவே மண்ணில் புரட்டித் தேய்த்தார். பிறகு பேச ஆரம்பித்தார். மாமு துண்டு துண்டாகச் சொன்னார்.

"இவரு அப்பாரு பையனா இருந்தப்போ அவங்கூருல கோதுமையும் எள்ளும் வெளஞ்சுதாமுங்க. ஊரச் சுத்தி இந்தக் கள்ளிதான் வேலி. பட்டாளம் வந்து சுட்டப்போ, நாலு நாள்ல திரும்பிரலாம்னு அத்தன சனமும் கெளம்பிருச்சு. திரும்ப உடலீங்க. ஊட்டையெல்லாம் இடிச்சு மேல மரமா நட்டுக் காடாக்கிட்டாங்களாமா. கள்ளி மட்டும் வெட்ட வெட்ட மொளச்சுதாம். ரொம்ப வருசங் கழிச்சு அப்பாரு ஒருக்காப் போயி, கள்ளி நின்ன வரிசைய வெச்சுத்தான், இது எங்கூடு, இது களம்னு கண்டுபிடிச்சாராம். இவரு பொறந்ததே முகாம்லீங்க. ஊரக் கண்ணால பாத்ததில்ல. வேலியும் ஊடும் சனமும் ஒண்ணா நிக்கறத ஒருக்காப் பாத்துப்போடோணும்னு..." மாமு வெட்டிக் கிடந்த கள்ளியைக் கையால் காட்டினார்.

அத்தா வேட்டி மண்ணில் புரள அப்படியே குந்திவிட்டார். "அட ஆண்டவனே! வேலின்னா கள்ளின்னு ஒரு வார்த்த வெளக்கமாச் சொல்லக்கூடாதா மாப்ளே? எங்கையாலயே இப்படிப் பண்ணிப்போட்டனே!"

இதற்குள் பெரியவர் பழத்தைப் பிட்டு வாயில் போட்டுவிட்டார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நட்சத்திர முள்ளை எடுக்கவில்லை! அடுத்த நிமிஷம் அவர் மெல்லுவதை நிறுத்தினார். தொண்டை ஏறி இறங்கியது. கண்ணில் பொலபொலவென்று தண்ணீர்.

"முள்ளோட முழுங்கிட்டாரு!" என்று அலறிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். மீன்முள் மாட்டினால் அம்மா எனக்குச் செய்வது போல, வெறும் சோற்றை உருண்டையாக உருட்டி எடுத்துவந்து அவர் வாயருகே நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் வாயைத் திறந்து வாங்கி, மெல்லாமல் முழுங்கினார்.

"முள்ளு போயிருச்சான்னு கேளுங்க மாமு."

மாமு கேட்டார். பெரியவர் தொண்டையைத் தொட்டுக்கொண்டு, என் தலையில் கையை வைத்து மெதுவாக ஏதோ சொன்னார்.

"இன்னும் போகலையாம் கண்ணு."

"அப்ப இருங்க, இன்னொரு உருண்ட கொண்டாரேன்," என்று நான் மறுபடியும் ஓடினேன்.