கேட்டுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால்

நேற்று மதியம் அக்கா மகள் யாழினி சிதம்பரத்தில் பஸ் ஏறியதும், தான் வரும் இடத்தைப் போனில் பார்த்துக்கொள்ளும்படி அனுப்பிவைத்தாள். ஒரு நீலப் புள்ளி வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி வழுக்கிக்கொண்டு கடலூரைப் பார்த்து வந்தது. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது இதே வழியில் வந்த இன்னொரு பஸ்ஸுக்காக நான் பட்ட பாடு இருக்கிறதே, அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பூக்கடை மாடியில் எனக்கு வேலை. கீழே மல்லி, மேலே செயற்கைக்கோள். ஈர மல்லி வாசனை வந்தால் மற்றவர்களுக்குச் சாமி ஞாபகம் வரும், எனக்கு அந்த மாடிதான் வரும். செயற்கைக்கோள் எந்த நொடியில் எங்கே இருக்கும் என்று சொல்கிற மென்பொருள் எங்களுடையது. கையில் இருப்பதோ நிமிடத்துக்கு ஒரு வரியாக ஓர் அட்டவணை. இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு நொடியைக் கேட்டால், முன்னும் பின்னும் உள்ள சில வரிகளைத் தொட்டு ஒரு வளைகோடு இழுத்து நாமே நிரப்ப வேண்டும். அந்தக் கோட்டை இழுக்கிற வேலை என்னுடையது.

கோடு அழகாகத்தான் போகும். ஆனால் பாதையை மாற்ற எஞ்சினைக் கொளுத்துகிற இடத்தில், கொளுத்துவதற்கு முன்பே திரையில் செயற்கைக்கோள் ஆட ஆரம்பித்துவிடும்.

"என்னங்க இது, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே வண்டி ஓடுது?" என்றார் மேனேஜர். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாருங்க. இல்லன்னா நான் வேற ஆளதான் பாக்கணும்."

அக்கா சம்பளமும் என் சம்பளமும் சேர்ந்தால்தான் எங்கள் வீடு ஓடும்.

அக்கா சிதம்பரத்தில் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடிந்து அவள் திரும்பும்வரை யாழினி புட்டிப்பாலைத் தொடவே மாட்டாள். வீடு டவுன் பஸ்ஸில் போகிற தூரம். அதனால் என் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைத்து, கீழே பூக்கடை அம்மா பார்த்துக்கொள்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். பக்கத்து ஜவுளிக்கடை உள்ளறையில் அக்கா பால் கொடுப்பாள். ரொம்ப முன்னாடி போய் நின்றால் வெயில், பசி, அலறல். போனில் பேசினால் காசு போகிற காலம் அது. பஸ் ஏறியதும் அக்காவிடமிருந்து ஒரு மிஸ்டு கால், வெள்ளாற்றில் ஒன்று, புதுச்சத்திரத்தில் ஒன்று. நடுவில் பஸ் எங்கே வரும் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். ராக்கெட் விடுகிறவன் ஆயிற்றே!

அந்த வியாழக்கிழமை என் கணக்குப்படி வர வேண்டிய பஸ் வரவில்லை. குழந்தை வீறிட்டது. பழம் விற்கிற அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "யாரு புள்ளய தூக்கினு வந்து நிக்கிற? அம்மாக்காரி எங்க?" என்று கேட்க, நாலு பேர் கூடிவிட்டார்கள். இன்னும் கொஞ்சம் போயிருந்தால் தர்ம அடிதான். அதற்குள் அக்கா ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை அடங்கியதும் எனக்குத் திட்டு விழுந்தது.

"வழியில ரயிலுக்கு கேட்டு போட்டுட்டான்டா. நாங்க என்னா பறந்தா வர முடியும்?"

"நான் கணக்கு போட்டுதான்க்கா வந்தேன்."

"கிழிச்ச. இனிமே கேட்டுகிட்ட நின்னா ஒரு மிஸ்டு கால், தொறந்தா ஒரு மிஸ்டு கால். ரெண்டையும் சேத்து ஒரே கணக்கா போடாத. நிக்கிற வரைக்கும் ஒண்ணு, கெளம்புனதுலேந்து ஒண்ணு. புரிஞ்சிதா?"

ஐயோ, எப்படிப் புரிந்தது! சாப்பிடாமலே மாடிக்கு ஓடினேன். எஞ்சின் எரிகிற இடத்தில் அட்டவணையை வெட்டினேன். முன்னதற்கு ஒரு கோடு, பின்னதற்கு வேறு கோடு, இந்தப் பக்கத்து வரி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. ஆட்டம் அடங்கியது. மறுநாள் மேனேஜர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப வண்டி சொன்ன பேச்சு கேக்குது" என்றார். அன்று தப்பிய வேலைதான் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது.

"உன்னாலதான்க்கா" என்று அக்காவிடம் சொன்னேன்.

"எனக்கு எதுக்குடா? கேட்டு போட்டாரே, அவருக்குப் போயி நன்றி சொல்லு" என்று சிரித்தாள்.

சொல்லத்தான் நினைத்தேன். சிதம்பரம் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே, பச்சைக் கொடியோடு நிற்கிற அந்த மனிதரைப் பார்ப்பேன். கேட் திறந்ததும் பஸ் கிளம்பிவிடும். அடுத்த தடவை இறங்கிச் சொல்லலாம் என்று உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் அங்கே மேம்பாலம் வந்து, கேட்டையே எடுத்துவிட்டார்கள். அவர் எந்த ஊர், என்ன பேர், எனக்கு எதுவும் தெரியாது.

நேற்று நீலப் புள்ளி அந்த இடத்தை நிற்காமல் கடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன்.

"எதுக்கு மாமா வெயில்ல நிக்கிறீங்க? எங்க வரேன்னு போன்லயே தெரியுதுல்ல?" என்றாள் யாழினி.

"இல்லம்மா, கேட்டு போட்டா நேரமாயிடுமேன்னு வந்தேன்."

"எந்த கேட்டு மாமா?" என்றாள்.