துவளாத பொம்மை

அம்மா இறந்து ஒரு மாதம் ஆகிறது. பெயர் இசக்கிசெல்வி. தாராவியில் பை தைத்தவள். கடைசி சில வருடங்கள் ஆளுயரப் பொம்மைகளும் தைத்தாள். தொட்டிக்குள்ளும் குழாய்க்குள்ளும் மயங்கி விழுந்தவர்களை வெளியே எடுக்கப் பழகுகிறவர்களுக்கு அவை வேண்டும்.

முதல் பொம்மையைச் செம்பூர்ப் பயிற்சி நிலையம் திருப்பி அனுப்பியது. பயிற்சியாளர் சுஷ்மா சொன்ன காரணம்: பொம்மை மயங்கவே இல்லை. பை தைக்கிறவர்களுக்குச் சுருக்கம் ஆகாது. அம்மா இண்டு இடுக்கெல்லாம் பஞ்சை அடைத்து, மூட்டுகளில் இரட்டைத் தையல் போட்டிருந்தாள். பொம்மை புது மாப்பிள்ளை போல விறைத்து நின்றது. இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் சரியில்லை என்றால் வெளிநாட்டுப் பொம்மை வாங்கிவிடுவார்கள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினீயர். மூட்டுகளைக் கயிற்றால் இணைக்கலாம் என்றேன். எவ்வளவு தளர்வாக? எனக்கும் தெரியவில்லை. அப்பாவை மயங்கச் சொன்னோம். அக்குளில் கை வைத்ததும் துள்ளினார்.

"மயங்கிக் கெடங்கன்னா இளிக்கியளே!" என்று அம்மா அவரை எழுப்பி விட்டாள்.

அந்த வாரம் தெருவில் அம்மன் கோவில் கொடை விழா. சாமியாடுபவர் மாரிக்கண்ணன், தடித்த ஆள். சாமி மலையேறியதும் அப்படியே சரிவார். பின்னால் நிற்கும் ஆண்கள் தாங்குவார்கள். இந்த முறை அவர்களை விலக்கிக்கொண்டு அம்மா நின்றாள், கழுத்தில் இன்ச் டேப்போடு.

மாரிக்கண்ணன் சரிந்தார். அம்மா தாங்கினாள். நான் போனில் படம் பிடித்தேன்.

"ஏட்டி, தலையப் பாரு! மொதல்ல தலைதான் போவுது!"

"அப்புறம் தோளு. இடுப்பு கடைசியிலதான் மடங்குது," என்றேன்.

அம்மா அவர் கையைத் தூக்கி விட்டாள். விழுந்தது. மறுபடி தூக்கி விட்டாள். முழங்கையை அளந்தாள்.

மாரிக்கண்ணன் ஒரு கண்ணைத் திறந்தார். "யக்கா, சாமி எப்பமோ போயாச்சு. எனக்குக் கூசுது."

"கொஞ்சம் சும்மா கெடடே. இன்னொரு கை இருக்கு."

கொட்டடித்தவர் சிரிப்பில் தாளத்தை விட்டுவிட்டார்.

இரண்டாவது பொம்மைக்கு மூட்டுகளில் துணியைத் தொளதொளவென்று விட்டோம். கழுத்துக்கு ஒற்றைக் கயிறு. உடம்புக்குள் சின்னச் சின்ன மணல் பைகள். அந்தச் சுருக்கங்களைப் பார்க்க அம்மாவுக்குச் சகிக்கவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே தைத்தாள்.

செம்பூரில் பொம்மையைத் தொட்டிக்குள் இறக்கினார்கள். பயிற்சிக்கு வந்த இருவர் உள்ளே போய்த் தூக்கினார்கள். தலை பின்னால் விழுந்தது. கை தொட்டியின் வாயில் மாட்டியது. மூன்றாவது ஆள் இறங்கினார். பொம்மை அவர் மடியில் உட்கார்ந்தது. உள்ளிருந்து இந்தியில் வசவு கேட்டது.

"வரமாட்டேங்கான்! வரமாட்டேங்கான்!" அம்மா கைதட்டினாள்.

ஒருவழியாக, பட்டை போட்டுக் கட்டி வெளியே எடுத்தார்கள். மூவருக்கும் வியர்த்திருந்தது. சுஷ்மா பொம்மையின் கையைத் தூக்கி விட்டுப் பார்த்தார். தொப்பென்று விழுந்தது. இதே போல இன்னும் பத்து வேண்டும் என்றார்.

அம்மா சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியவில்லை. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். தலை என் தோளில் விழுந்தது. அசைக்க முடியவில்லை.

"விட்டுருட்டி, முடியல," என்றாள்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.