கட் பண்ணு, நான் கூப்பிடுதேன்

இந்த ஊரில் யாரும் போனைக் கட் பண்ணுவதில்லை. எடுக்க முடிந்தால் எடுப்பார்கள். முடியாவிட்டால் அது பாட்டுக்கு அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவார்கள். அன்றைக்குப் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவரின் பையில் போன் கிடந்து அடிக்கிறது, மனுஷன் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எனக்குக் கை பரபரக்கிறது. எடும், இல்லையென்றால் கட் பண்ணித் தொலையும் ஓய், கூப்பிட்டவன் காத்துக்கொண்டு கிடக்கிறானே என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். இங்கிலாந்துக்கு வந்த நாள்முதல் நான் அடக்கிக்கொள்வது ஒன்றா, இரண்டா?

நம் பக்கத்தில் கட் பண்ணுவது மரியாதை. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ரப்பர் வெட்டுகிற தங்கையன் அண்ணன் கூப்பிட்டால், வளைகுடாவிலிருந்து வந்த மருமகன் எடுக்க மாட்டான். கட் பண்ணிவிட்டு அவனே திருப்பிக் கூப்பிடுவான். உம் பைசா போகாண்டாம், என் பைசா போகட்டும் என்று அதற்குப் பொருள். இப்போதெல்லாம் மாதக் கட்டணத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஆனாலும் விரல் பழகிவிட்டது. நான் எங்கள் ஊர் அருமனையில் மொபைல் கடை வைத்திருந்தவன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்குச் சிம் போட்டுக் கொடுத்தது இந்தக் கைதான். "லேய் எட்வினே, பைசா கேறல்லியே" என்று ரீசார்ஜ் ஏறாமல் கடை வாசலில் நின்று கத்துகிறவர்களை ஒரே நிமிடத்தில் சமாதானப்படுத்தி அனுப்புவேன். போன் விஷயத்தில் எனக்கு எவனும் வகுப்பெடுக்க வேண்டாம் என்று ஒரு மிதப்பு அப்போதே ஏறிவிட்டது.

அந்த மிதப்பு இங்கே வந்த முதல் வாரத்திலேயே அடி வாங்கியது. என் மனைவி ஷீஜா நர்ஸ். அவள் வேலையின் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். மாதத் திட்டத்தில் சிம் எடுக்க இரண்டு பேரும் கடைக்குப் போனோம். மீசை சரியாக முளைக்காத ஒரு பையன் என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இந்த நாட்டில் பணம் கட்டிய ஹிஸ்டரி எதுவும் இல்லை, மனைவி பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்றான். நானும் ஊரில் சிம் கடைதான் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். "லவ்லி" என்று சிரித்தான். அந்த ஒரு சொல்லில் என் கடை, பெயர்ப் பலகை எல்லாம் போயிற்று. ஒன்றும் வேண்டாம், பணம் போட்டுப் போட்டுப் பேசுகிற சிம்மே போதும் என்று முறுக்கிக்கொண்டு வாங்கி வந்தேன்.

"எனக்க பேரில எடுத்தா என்னா, குறைஞ்சா போவும்?" என்றாள் ஷீஜா, வருகிற வழியில்.

"உனக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாத்துக்கிடுதேன்."

என்னத்தைப் பார்த்தேன்! வேலை கிடைக்கவில்லை. பகலெல்லாம் வீட்டில் இருக்கிற ஆம்பிளை நான் ஒருத்தன்தான் என்று தோன்றும். எங்களுக்குக் கீழ்வீட்டில் மார்கரெட் தனியாக இருக்கிறாள். எண்பது தாண்டியவள், மகள் கனடாவில். பால் வாங்கிக் கொடுப்பேன், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வைப்பேன். ஒருநாள் அவளுடைய பெரிய பொத்தான் போன் கெட்டுவிட்டது என்று புலம்பினாள். கெடவில்லை, அமைப்புதான் மாறிக் கிடந்தது. சரிசெய்து, ஒன்றாம் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கினால் எனக்கு அடிக்கிற மாதிரி போட்டுக் கொடுத்தேன். என்ன அவசரம் என்றாலும் இதை அமுக்கு, நான் மேலேதானே இருக்கிறேன் என்றேன். "போன்காரர் இருக்கும்போது எனக்கென்ன பயம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த நாட்டில் என்னை ஒரு தொழில் தெரிந்தவனாகப் பார்த்த ஒரே ஆள் அவள்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை. காலையில் அம்மை அருமனையிலிருந்து கூப்பிட்டாள். அவளிடம் இருப்பது பழைய பொத்தான் போன், வாட்சப் எல்லாம் கிடையாது. ஊர் சிம்மையும் நான் இரண்டாவதாகப் போட்டு உயிரோடு வைத்திருக்கிறேன், அவள் அதற்குத்தான் அடிப்பாள். இங்கே இருந்து அதை எடுத்தால் எனக்குப் பைசா தீட்டிவிடுவார்கள். ஆகவே வழக்கம்போல் கட் பண்ணினேன். இங்கத்தி சிம்மிலிருந்து திருப்பிக் கூப்பிட்டு, சித்தி மகளின் கல்யாணத்துக்குச் சபையிலிருந்து யார் யார் வந்தார்கள், பாயசம் எத்தனை வகை என்பதுவரை கேட்டுத் தீர்த்தேன். சிம்மில் கிடந்த பணமும் அதோடு தீர்ந்தது. வீட்டில்தான் வைஃபை இருக்கிறதே, பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன்.

மீன் வாங்க வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. மார்கரெட். அதுவரை அவள் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை, கதவைத்தான் தட்டுவாள். பாவம் கிழவி, பென்ஷன் பணத்தில் ஓட்டுகிறாள், அவள் பைசா போக வேண்டாமே என்று என் விரல் தானாகப் போய்க் கட் பண்ணியது. திருப்பிக் கூப்பிட எண்ணை எடுப்பதற்குள் அவளே மறுபடி அடித்தாள். இரு, நான்தானே கூப்பிடுகிறேன் என்று அதையும் கட் பண்ணினேன். பிறகு நான் அடித்தால், போதிய பணம் இல்லை என்று ஒரு பெண் குரல் அழகாகச் சொல்கிறது. எத்தனையோ பேர் இந்த அறிவிப்பைக் கேட்டுவிட்டு என் கடைக்கு ஓடி வந்திருக்கிறார்கள். பாலுக்காக இருக்கும் என்று நினைத்து, பாலும் வாங்கிக்கொண்டு சாவகாசமாக வந்தேன்.

அவள் அடுக்களைத் தரையில் கிடந்தாள். கதவில் கடிதம் போடுகிற இடுக்கு வழியாகத்தான் அவள் குரல் எனக்குக் கேட்டது. பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் திறந்து உள்ளே போனேன்; அவசர எண்ணுக்குப் பணமில்லாமலும் போகும், அதில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. கையில் அந்தப் போன். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து, சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரையும் கூப்பிடவில்லையா என்று ஆம்புலன்ஸில் வந்த பெண் கேட்டாள்.

"கூப்பிட்டேன். அவர் வேலையாக இருந்தார்" என்றாள் மார்கரெட்.

வேலை! எனக்கு! தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது. கோபப்பட்டிருந்தால்கூட வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் விளக்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் போனைக் கட் பண்ணினால் மரியாதை, உங்கள் பணம் செலவாகக் கூடாது என்று அன்பினால் செய்வது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது திருடன் சொல்லுகிற சாக்குப்போல் கேட்டது. மார்கரெட் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "உனக்கும் உன் வாழ்க்கை இருக்கிறது, தம்பி. என் போனை நீ எடுத்தே ஆக வேண்டும் என்று ஒன்றுமில்லை" என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். ஷீஜா என்னைத் திட்டவில்லை. மறுநாள் அவள் பெயரில் ஒரு மாதத் திட்டம் எடுத்து, சிம்மை மேசைமேல் வைத்துவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள். முறுக்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மார்கரெட் வீடு திரும்பியபோது மகள் கனடாவிலிருந்து வந்திருந்தாள். கழுத்தில் மாட்டுகிற அபாய மணி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தாள். ஒன்றாம் பொத்தானிலும் அந்த மணிக்காரர்களின் எண் வர வேண்டும். அதற்கு என்னையே கூப்பிட்டார்கள், நான்தானே போன்காரன்! மார்கரெட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, ஒன்றாம் பொத்தானிலிருந்து என் எண்ணை என் கையாலேயே அழித்தேன். மகள் மரியாதையாக நன்றி சொன்னாள். மார்கரெட்தான், "அவனுடையதையும் எங்காவது போட்டு வை. பாலுக்கு" என்றாள். கடைசிப் பொத்தானில் போட்டுவிட்டு எழுந்தேன். இரண்டு பேரின் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மாடிப்படி ஏறும்போது ஊர் சிம்மில் போன் அடித்தது. அம்மை. கட் பண்ண மனம் வரவில்லை. பைசா போனால் போகட்டும் என்று எடுத்துவிட்டேன்.

அம்மை அலறினாள்: "ஏன் மக்களே எடுத்த? யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல அம்மை. சும்மா எடுத்தேன்."

"சும்மா எடுப்பியாக்கும்? ஷீஜாவுக்கு என்னவாவது ஆச்சா? மறைக்காண்டாம் மக்களே!"

"அவ நல்லா இருக்கா. ஆருக்கும் ஒண்ணும் இல்ல."

"பின்னே எதுக்கு எடுத்த? பைசா போவும்லா, கட் பண்ணு, கட் பண்ணு" என்று அழுகிற குரலில் சொன்னாள்.

கட் பண்ணினால்தான் அவளுக்கு நெஞ்சுப் படபடப்பு அடங்கும் என்று எனக்குத் தெரியும். கீழே மார்கரெட்டின் கதவு இன்னும் சாத்தவில்லை. நான் கட் பண்ணுவதை அவள் பார்த்துவிடுவாளோ என்று போனைக் காதில் வைத்தபடியே நடுப்படியில் நின்றேன். அம்மை திரும்பத் திரும்பக் கட் பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தாள்.