பல்லும் பாலும்

பேருந்தில் பக்கத்திலிருப்பவரின் போனில் குறுஞ்செய்தி வந்த ஒலி கேட்டால், இன்றைக்கும் என் கை சட்டைப்பையைத் தடவும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில், திருவண்ணாமலையில் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மருத்துவ முகாம் பற்றிக் குறுஞ்செய்திகள் எழுதி அனுப்பினேன். லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்து, முகம் தெரியாத ஊர்களுக்கெல்லாம் 'வாங்க, வாங்க' என்று அனுப்புவேன். ஒரு பதிலும் வராது. என் வார்த்தையைப் படித்துவிட்டு ஒருவராவது வரமாட்டாரா என்று மனம் கிடந்து தவிக்கும்.

அப்போது எங்கள் போன்களில் தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தில்தான் தமிழை அடித்தோம். அதில் பல்லும் பாலும் ஒன்றுதான், இரண்டுக்கும் 'pal'. அடி அண்ணாமலையில் இலவசப் பல் முகாம் என்று அனுப்பினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு விவசாயி தூக்குப் பாத்திரத்தோடு வந்து நின்றார்.

"பாலு எங்க சார் ஊத்துறாங்க? பக்கத்து வூட்டுப் பொண்ணு அப்டித்தான் படிச்சுது."

"பாலு இல்லீங்க, பல்லு. பல்லு பாக்குறாங்க."

அவர் வாயைத் திறந்து காட்டினார். "இதுல இன்னாத்த பாக்கறது? இருக்கறதே கம்மி."

சிரித்துவிட்டோம். என் செய்திக்காக வந்த முதல் ஆள் அவர். ஆட்டோ வரை கூடவே நடந்தேன்.

"வீணா அலைய விட்டுட்டேன். இனிமே உங்க நம்பருக்கு அனுப்பலீங்க."

"நிறுத்திடாதீங்க சார். பையன் போனை வாங்கிக் குடுத்துட்டு பெங்களூரு போயிட்டான். அதுல உங்களுது மட்டுந்தான் வருது."