தடுமாறும் வெள்ளைக்கு ஒரு வீடு

பூனை பார்க்க வருகிறவர்களை நான் எப்போதும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரச் சொல்வேன். சாப்பாடு அவர்களுக்கல்ல, பூனைக்கு.

பிலிமத்தலாவையில் ஒரு துணிக்கடையில் பல வருடங்களாக வேலைக்கு நிற்கிறேன். துணியில் ஒரு நூல் இழுபட்டிருந்தாலும், சாயம் ஓரிடத்தில் வெளிறியிருந்தாலும், வெட்டுவதற்கு முன்னமே அந்த இடத்தை விரித்துக் காட்டிவிடுவது எங்கள் கடை வழக்கம். கத்தரி பட்ட துணியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்பதால், பிறகு வந்து யாரும் சண்டை பிடிக்கக் கூடாது. பூனையை வளர்க்கக் கொடுக்கிற விஷயத்திலும் எனக்கு அந்தப் புத்திதான் வேலை செய்தது. எங்கள் பூனைகளின் குறை முழுசாகத் தெரிவது அவை சாப்பிடும்போது. தட்டுக்குக் கிட்டப் போகப் போகத் தலை ஆடும். மூக்கு சோற்றில் போய் இடிக்கும். மீனில் பாதி மீசையில் ஒட்டியிருக்கும். அதற்குள் பின்னங்கால்கள் ஒரு பக்கமாகச் சரிந்து உடம்பு பொத்தென்று விழும். விழுந்த பிறகும் வாய் மட்டும் மென்றுகொண்டே இருக்கும்.

"பொண்ணு பாக்க வந்தா எல்லாரும் நல்லதத்தான் காட்டுவாங்க. நீதான் பொண்ண தடுக்கி விழ வச்சுக் காட்டுற," என்று என் கணவர் கேலி செய்வார். அவர் ஹயருக்கு வேன் ஓட்டுகிறவர். கல்யாணப் பேச்சுக்குப் போகிற குடும்பங்களை எத்தனையோ தடவை ஏற்றி இறக்கியவர், அதனால் அனுபவத்தில்தான் பேசுகிறார்.

இரண்டு குட்டிகள், ஒன்று வெள்ளை, மற்றது தவிட்டு நிறம். பெயர் வைத்தால் கொடுக்க மனம் வராது என்று பெயர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டு விறகுக் கொட்டிலில் பிறந்தவை. ஒரு மழை நாளில் தாய்ப்பூனை இரண்டையும் கவ்விக்கொண்டு வந்து எங்கள் குசினி மூலையில் போட்டது. பால் குடி மறந்ததும் அது தன் பாட்டில் போய்விட்டது. நடக்கிற வயது வந்தபோதுதான் கவனித்தேன். கால்களை அகட்டி வைத்து, எங்கேயோ போக நினைத்து வேறெங்கேயோ போய்ச் சேர்ந்தன. பக்கத்து வீட்டு மனுசன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க பூனைங்க கசிப்பு அடிச்சிருக்குங்க போல," என்றான். அவன் மனைவி கண்ணூறு என்றாள். திருஷ்டி கழியத் தேசிக்காய் வெட்டச் சொன்னாள். என் கணவருக்கு இப்படியான வேலை என்றால் ஒரு பிடிப்பு. குளித்துவிட்டு வந்து பயபக்தியாகத் தேசிக்காயை வெட்டினார். வெட்டின பாதி உருண்டு ஓடியது. தவிட்டு நிறக்காரி அதைத் துரத்திக்கொண்டு போய், தேசிக்காயைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மோதினாள்.

பிறகு பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். தாய் வயிற்றோடு இருந்தபோது அதற்கு ஏதோ காய்ச்சல் வந்திருக்கலாம், அதனால் குட்டிகளின் சிறுமூளை சரியாக வளரவில்லை, உடம்பைச் சமன்படுத்துவது அந்தப் பகுதிதான் என்று விளங்கப்படுத்தினார். வலி இல்லை. மற்றப் பூனைகளுக்குத் தொற்றாது. இந்தத் தடுமாற்றம் இனி இதைவிட மோசமாகவும் மாட்டாது. மருந்து என்று ஒன்றும் இல்லை, மற்றப் பூனைகளைப் போலவே வயது போகும்வரை இருக்கும், தரை வழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றார்.

அந்தக் கடைசி வசனம் எனக்குச் சுருக்கென்று தைத்தது. எங்கள் வீட்டில் எனக்குப் பெருமையான பொருள் ஒன்று உண்டு என்றால் அது தரைதான். சிவப்புச் சீமெந்துத் தரை. வாராவாரம் பொலிஷ் பூசி, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்கு வைத்திருந்தேன். அதில் இந்த இரண்டும் எண்ணெயில் விழுந்த கடுகு போலச் சிதறின. ஒரு கிழமை யோசித்தேன். பிறகு பொலிஷ் டின்னை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டு, கடையில் மிஞ்சிய தடித்த துணிகளைத் தைத்துத் தரை முழுக்க விரித்தேன். வந்து பார்த்த என் நாத்தனார், "என்னா மதினி, வீடு தையல் கடை மாதிரி இருக்கு?" என்றாள். அவளுடைய வீட்டுத் தரை இப்போதும் பளபளக்கிறது. பளபளக்கட்டும்.

அவை வெளிக்குப் போக வைத்திருந்த மண் தட்டுக்குப் பதிலாக விளிம்பு உயர்ந்த பேசினை வைத்தேன். சாய்ந்துகொள்ள நான்கு பக்கமும் சுவர் இருந்தால் அவை விழாமல் காரியத்தை முடிக்கும். சோற்றுத் தட்டைப் பலகை வைத்து உயர்த்தினேன். இதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் நான் சந்தோசமாக இருந்தேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் இரண்டும் என்னை நோக்கி ஓடிவரும். ஒன்று அலுமாரியில் போய் முட்டும், மற்றது கதிரைக் காலில். எப்படியோ என் காலடிக்கு வந்து சேரும். அவ்வளவு பாடுபட்டு என்னிடம் வருகிறவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

தொல்லை எங்கள் கடுவனிடமிருந்து வந்தது. அது குட்டிகளுக்கு முன்னமே வீட்டில் இருந்த பூனை, கிழட்டு ரௌடி. துடித்துத் துடித்து அசைகிற எதைப் பார்த்தாலும் அதற்கு இரை என்ற நினைப்பு. தவிட்டு நிறக்காரி விழுந்தபடியே திருப்பி அடிப்பாள். வெள்ளைக்குத்தான் நடுக்கம் அதிகம். ஓடவும் முடியாது, ஏறவும் முடியாது. ஒரு நாள் காதில் இரத்தத்தோடு பேசினுக்குள் ஒடுங்கிக் கிடந்ததைக் கண்டேன். அன்றிலிருந்து வெள்ளையைப் படுக்கையறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினோம். நாள் முழுக்க ஒரு கட்டிலையும் ஒரு ஜன்னலையும் பார்த்துக்கொண்டு எந்தப் பூனையால் இருக்க முடியும்? கடுவனைத் துரத்த என் கணவருக்கு மனம் இல்லை. எனக்கும் இல்லை. வெள்ளைக்கு வேறு பூனை இல்லாத ஒரு வீடு தேட வேண்டும், இல்லாவிட்டால் அவளுடைய ஆயுசு அந்தக் கதவுக்குப் பின்னாலேயே போய்விடும்.

கண்டியில் பூனை கொடுக்கப் போனால்தான் இந்த ஊரில் எத்தனை படிகள் என்பது தெரிய வரும். வாசலுக்குப் படி, குசினிக்குப் படி, கிணற்றடிக்குப் படி. கேட்கிறவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது, "உங்க வீட்ல படி இருக்கா?" என்றுதான். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்கே ரோட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறி வர வேண்டும்.

தவிட்டு நிறக்காரியை ஒரு தாதி எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்குச் சமதரை வாடகை வீடு. அது ஒரே நாளில் முடிந்த சம்பந்தம்.

வெள்ளையைக் கண்டி டவுனில் ஒரு தம்பதி கொண்டுபோனார்கள். சாப்பிடுவதைக் காட்டித்தான் கொடுத்தேன். ஆனாலும் கிழமை முடிய முன் கூடையோடு திரும்பி வந்தார்கள். "ரொம்பப் பாவங்க. பாக்கும்போதெல்லாம் அழுக அழுகயா வருது," என்று அந்தப் பெண் கண்ணைத் துடைத்தாள். அவள் அழுததற்கு வெள்ளை என்ன செய்யும்? அது தன் பாட்டில் கூடைக்குள் ஒரு நாடாவைக் கடித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது தெல்தெனியவில் ஒரு டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தனியாக இருந்தார், படி இல்லாத வீடு. கண்டிப்பான ஆள் போலத் தெரிந்ததால் எனக்குப் பிடித்தது. கொஞ்ச நாள் கழித்துப் பார்க்கப் போனேன். ஒரு குழந்தைத் தொட்டிலை வாங்கி, சுற்றி வர வலை கட்டி, உள்ளே தலையணைகளை அடுக்கி, நடுவில் வெள்ளையை வைத்திருந்தார். வேளாவேளைக்கு மீனைப் பிசைந்து விரலால் ஊட்டினார்.

"வெளியில விட்டா விழுந்திடும் எல்லோ? இப்ப ஒருக்காலும் விழுறேல்லை," என்றார் பெருமையாக.

வெள்ளையைத் தூக்கிக் கீழே விட்டேன். அது நிற்க முயன்றது. கால்கள் தாங்கவில்லை. நடந்து திரிந்த பூனை, சில வாரங்களில் நடையை மறந்துபோயிருந்தது. அந்த டீச்சரை ஏச எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் அதை அவ்வளவு அன்பாக வைத்திருந்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர், நான் கொண்டு போறேன்," என்றேன். அவர் கண் கலங்கியபடி தலையணை ஒன்றையும் கூடவே தந்தார். த்ரீவீலரில் வரும்போது நான் ஓவென்று அழுதேன். பாவம் என்ற அந்தச் சொல்லின் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

மறுபடியும் படுக்கையறை, மறுபடியும் சாத்திய கதவு. மாலையில் துணி விரிப்பில் வைத்து நடத்திப் பழக்கினோம். என் கணவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முழந்தாளில் பின்னால் போவார். கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று ஒரு நாள் சொல்வேன். அடுத்த நாள் அந்த ஜன்னலோரம் அது உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு மனம் மாறுவேன்.

அப்படியிருக்கும்போதுதான் கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு முஸ்லிம் அக்கா, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், வெள்ளையைக் கேட்டார். அலவத்துகொடயிலிருந்து வருகிறவர், என்னைவிட மூத்தவர். திரைச்சீலைக்குத் துணி எடுத்துக்கொண்டு நின்றபோது என் போனில் வெள்ளையின் படத்தைப் பார்த்துவிட்டார். மகள்மார் எல்லாரும் கல்யாணம் முடித்துப் போய்விட்டார்கள், வீட்டில் அவரும் கணவரும்தான், வயலோரத்துச் சமதரை வீடு, வேறு பூனை இல்லை. எல்லாம் பொருந்தி வந்ததால் எனக்குச் சந்தேகம்தான் கூடியது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு வரச் சொன்னேன். வந்து, வெள்ளை சோற்றில் மூக்கை இடித்து, சரிந்து, விழுந்து, எழும்பிச் சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்" என்று சொல்வாரா என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் கேட்டது, "கருவாடு திங்குமா?" என்பது மட்டும்தான்.

கொடுத்தேன். பிறகு போன் எடுக்கும்போதெல்லாம், "நல்லா ஈக்கிது தங்கச்சி, ஒண்டும் யோசிக்க வாணாம்," என்பார். எனக்கு யோசனை போகவில்லை. முகத்துக்குப் பொருந்தாத நிறத்துத் துணியையும் நல்லா இருக்கு என்று சொல்லி விற்கிறவள் நான். அந்தச் சொல்லின் பெறுமதி எனக்குத் தெரியாதா? இன்னொரு தொட்டில், இன்னொரு வலை என்று எதையெதையோ நினைத்தேன். பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கடை பூட்டு. கண்டிக்கு வந்து, மாத்தளைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினேன். தேவைப்பட்டால் அன்றைக்கே திருப்பிக் கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

கேட்டடியில் நிற்கும்போதே உள்ளேயிருந்து ஏச்சுச் சத்தம் கேட்டது.

"கள்ளி! ஒனக்கு எத்தின தரம் சொல்லீக்கிறேன், அந்தப் பக்கம் போவாதேண்டு! ஒனக்கு இண்டைக்கு ஒண்டும் தர மாட்டேன், பாத்துக்கோ!"

முற்றத்தில் பாய் விரித்து இடியப்பத்துக்கு மா காய வைத்திருந்தார்கள். அதன் நடுவில் வெள்ளை கிடந்தாள். குறுக்கே நடந்து, சரிந்து, எழும்பி, மறுபடி சரிந்து, பாயின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கோலம் போட்டிருந்தாள். ராத்தா வாரியலை ஓங்கிக்கொண்டு வந்தார். உண்மையான கோபம், முகமெல்லாம் சிவந்திருந்தது. வெள்ளை எழும்பி ஓடினாள். இரண்டு தடவை விழுந்து, வாசல் நிலையில் தோளை இடித்து, கதிரைக்கு அடியில் புகுந்து, அங்கிருந்து ராத்தாவைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பூனையை ஒருவரும் ஏசியதில்லை. எல்லாரும் அதனிடம் நோயாளியிடம் பேசுகிற குரலில்தான் பேசினோம். நானுந்தான். இன்றைக்குத்தான் அது மற்றப் பூனைகளைப் போல ஏச்சு வாங்குகிறது.

"வாங்க தங்கச்சி, இரிங்க," என்று ராத்தா வாரியலைச் சாத்திவிட்டு வந்தார். தேத்தண்ணி தந்தார். வெள்ளையின் குற்றங்களை விரல் விட்டுச் சொன்னார். கருவாட்டுச் சட்டியை உருட்டியது, அவருடைய கணவர் தொழுது முடிக்கிறதுக்குள் பாயில் வந்து படுத்துக்கொள்வது, ராத்திரி கட்டிலுக்குக் கீழே நின்று தூக்கச் சொல்லிக் கத்துவது. சொல்லிக்கொண்டே பருப்பில் கல் பொறுக்கினார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. கதிரைக்கு அடியில் இருந்தவள் என்னிடம் வரவே இல்லை.

"நடையெல்லாம் இப்ப எப்படி ராத்தா?" என்று கேட்டேன். கால் பலம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான்.

அவர் பருப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நடைக்கென்ன? நல்லா நடக்கிறாளே," என்றார், நான் ஏன் இதைக் கேட்கிறேன் என்று விளங்காதவராக.

அந்த நேரம் வெள்ளை கதிரைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். கால்களை அகட்டி வைத்தாள், இடப்பக்கம் சரிந்தாள், எழும்பினாள், சுவரில் ஒரு தடவை முட்டினாள், பின்பக்கம் பொத்தென்று உட்கார்ந்தாள், பிறகு எழும்பி ராத்தாவின் மடியை நோக்கிப் போனாள். என் வீட்டில் எப்படி நடந்தாளோ, அணுவளவும் மாறாமல் அதே நடை.

"ஆமா ராத்தா," என்றேன். "நல்லாத்தான் நடக்கிறா."