இன்ஸ்பெக்டரை அக்கரை சேர்த்தோம்

எனக்கு முதன்முதலாக வேலை கிடைத்த பள்ளிக்கூடம் வைகைக்குத் தென்கரையில் இருந்தது. நான் தங்கியிருந்த மாமா வீடோ வடகரையில், சோழவந்தான் ரயிலடிப் பக்கம். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம். தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான். நான் சேர்ந்த வருஷம் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பரிசல்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார்; பரிசல் அவர் வீட்டு வாசலில் கவிழ்ந்து கிடந்தது.

அதை நிமிர்த்தியது அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவும் அதே தெருவில் இன்னும் இரண்டு பெண்களும் தென்கரை வயல்களுக்கு நடவுக்குப் போகிறவர்கள். அந்த இருவரும் மதினியும் நாத்தனாரும். ஒரு கன்றுக்குட்டி விஷயமாகச் சண்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் பேசாதவர்கள். ஆனாலும் விடியும் முன்பே இருவரும் வந்துவிடுவார்கள், ஆளுக்கொரு துடுப்போடு.

முதல் நாள் நான் சும்மா உட்கார்ந்து போனேன். நாளெல்லாம் சேற்றில் குனிந்து நிற்கப்போகிற மூன்று பேர் என்னைச் சுமந்துகொண்டு போவது கூச்சமாக இருந்தது. மறுநாள் எனக்கும் ஒரு துடுப்புக் கேட்டேன்.

வட்டப் பரிசலில் ஒருத்தி முந்தினாலும் போச்சு, நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு வாரம் சுற்றினோம். கரையில் பல் விளக்கிக்கொண்டிருந்த ஆண்கள், "ராட்டினம் நல்லாத்தான் சுத்துது!" என்று சிரித்தார்கள்.

"வாத்தியாரம்மா, அவுகளப் பாக்காதீக. எங் கொரலக் கேளுங்க. இழு... விடு. இழு... விடு" என்றார் அக்கா.

ஆடி பிறப்பதற்குள் நான்கு துடுப்பும் ஒரே சத்தமாகத் தண்ணீரில் விழுந்தன. கிழக்கு வெளுக்கும்போது அக்கரையில் இருப்போம். உள்ளங்கை காய்த்துப்போனது. வீட்டில் அதை ஒளித்து வைத்தேன்; தனியாக இருக்கும்போது தடவிப் பார்த்துக்கொள்வேன்.

ஐப்பசியில் மேற்கு மலையில் மூன்று நாள் மழை. நாலாம் நாள் விடியற்காலையில் ஆறு செங்காவி நிறத்தில் இரைந்து ஓடிற்று. கரையில், தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் பெட்டி தூக்கிய சேவகனோடு நின்றிருந்தார். முதல் ரயிலில் மதுரையிலிருந்து வந்திருந்த பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்.

"இன்னைக்கு ஆத்துல எறங்க முடியாதுங்கய்யா" என்று அங்கிருந்த ஆண்கள் கைவிரித்துவிட்டார்கள்.

அக்கா சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல கொண்டு போயிப் போட்டா, தண்ணியே நம்மள அக்கரைத் தொறையில கொண்டாந்து விட்டுரும். வாங்கடி" என்றார். பரிசலைத் தலையில் ஏற்றிக்கொண்டு அரை மைல் மேற்கே நடந்தோம். இன்ஸ்பெக்டரும் பின்னாலேயே வந்தார்.

"ஓட்டப்போவது நீங்களா?"

"நாங்கதான்யா. ஒக்காருங்க. நடுவுல எந்திரிக்க மட்டும் கூடாது."

சேவகன் கரையிலேயே நின்றுவிட்டான். அவர் மட்டும் ஏறினார், பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு.

நடு ஆற்றில் இழுப்பு தோளைப் பிடுங்கியது. அப்போதுதான் வேரோடு சாய்ந்த ஒரு தென்னை எங்களை நோக்கி மிதந்து வந்தது. நாத்தனார்தான் முதலில் பார்த்தாள்.

"மதினி! வலது பக்கம் அமுக்குங்க, மதினி!"

"அமுக்கிட்டேன்டி, நீ இழு!"

அக்காவின் குரலுக்கு நாங்கள் மூச்சைப் பிடித்து இழுத்தோம். தென்னை ஒரு முழம் தள்ளிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் கண்ணை மூடியிருந்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. சொன்னபடியே துறையில் போய் முட்டினோம்.

கரை ஏறியதும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு, "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? ஆசிரியை வந்திருப்பாரா?" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "இந்தா நிக்கிறாகளே!"

இடுப்பில் செருகிய நனைந்த புடவை, கையில் துடுப்பு. நான் கும்பிட்டேன். அவர் என்னையே பார்த்தபடி, "தண்ணீர் வந்த பிறகு எத்தனை நாள் பள்ளி மூடியிருந்தது?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூட இல்லை ஐயா."

அன்று பிள்ளைகள் தப்பில்லாமல் வாய்ப்பாடு ஒப்பித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பார்வைப் புத்தகத்தில், ஆசிரியை வெள்ளத்திலும் தாமே பரிசல் ஓட்டி உரிய நேரத்துக்கு வந்ததைத் தாம் உடனிருந்து கண்டதாக அவர் எழுதினார். அதற்குப் பிறகு எத்தனையோ பள்ளிகளில் வேலை பார்த்துவிட்டேன். என்னைப் பற்றி அப்படி ஒரு வரியை யாரும் எழுதவில்லை.

மாலையில் துறைக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருந்தார். அவரோடு ஐந்தாறு ஆண்கள், வெள்ளத்தால் தென்கரையில் மாட்டிக்கொண்டு வடகரைக்குப் போகவேண்டியவர்கள்.

"எத்தன பேரு ஏறலாம் தாயி?" என்று ஒருவர் தணிந்த குரலில் கேட்டார்.

"மொதல்ல ஐயா. மிச்சப் பேரு ரெண்டு ரெண்டா வாங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா துடுப்பைக் கையில் எடுத்தார்.